நாங்கள் விசாகப்பட்டினம் போகாத கதை

சிங்கப்பூரில் பஸ் பழுதாகி நின்றால் அடுத்த பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற பஸ் மாகறலில் நின்றால், டிரைவர் இறங்கி முதலில் டீ குடிக்கிறார். பிறகு கண்டக்டர் குடிக்கிறார். அதற்கப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து டயரைப் பார்க்கிறார்கள். டயரும் அவர்களைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புளியமரத்து நிழலில் நின்றேன். நடவு முடித்துச் சேற்றுக் காலோடு வந்த பெண்கள் சிலரும் அதே நிழலுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் சக்கரப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "பெட்டிக்குத்தான் காலு கீதே, அப்பறம் இன்னாத்துக்குத் தூக்கிக்கினு நிக்கிறாரு?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். நியாயமான கேள்விதான்.

அங்கிருந்து ஒரு பால் வண்டிக்காரர் தன் கேன்களுக்கு நடுவில் எனக்கு இடம் கொடுத்துத் திருப்புலிவனம் கொண்டுபோய் இறக்கினார். வழியெல்லாம் நெல், வேர்க்கடலை, மறுபடி நெல். தூத்துக்குடிக்காரன் கண்ணுக்கு இத்தனை பச்சை கொஞ்சம் அதிகம். எங்கள் ஊரில் நிலம் வெள்ளையாக, உப்பாக இருக்கும்.

நான் வந்தது ஏகாம்பரம் சீஃபைப் பார்க்க. கடற்படையில் எஞ்சின் ரூமில் அவர் சீஃப், நான் அவருக்குக் கீழே. ஒரே சூட்டில் பல வருடம் சேர்ந்து வெந்தவர்கள். ஓய்வுக்குப் பிறகு நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டேன். அவர் பிறந்த ஊருக்கே திரும்பிவிட்டார். இப்போது எங்கள் பழைய கப்பலைப் பணியிலிருந்து விடுவிக்கப் போகிறார்கள். பழைய ஆட்கள் எல்லாரும் விசாகப்பட்டினத்தில் கூடி அதைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பதாகப் பேச்சு. சீஃப் இல்லாமல் அந்தக் கப்பலைப் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது? அவரைக் கையோடு கூட்டிப்போக வந்தேன்.

வாசலில் நின்று, "வாடா பிரான்சிஸ்" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். எஞ்சின் ரூம் ஆட்களுக்குக் காதுதான் முதலில் ஓய்வு பெறும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். எனக்கு ஒரு காது பிழைத்தது. சீஃபுக்கு இரண்டும் ஏறக்குறையப் போய்விட்டது.

மனுஷன் குடும்பப் பைத்தியம். துறைமுகத்தில் இறங்கினால் நாங்களெல்லாம் ஊர் சுற்றக் கிளம்புவோம், அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார். அந்த நூலில் இரண்டு முடிச்சு இருக்கும். ஒன்று மனைவியின் மணிக்கட்டு அளவு, இன்னொன்று மகள் சுமதியின் பாத அளவு. ஒவ்வொரு லீவிலும் நூல் மாறும், சுமதியின் முடிச்சு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். வளையலும் செருப்பும் வாங்கி அவர் பெட்டியில் அடுக்குகிற அழகைப் பார்த்தால், நாமும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று தோன்றும். நான் செய்துகொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்று மத்தியானம் இலையில் ஏரி விரால் வறுவல், கறிக்குழம்பு, ரசம், அப்பளம். கடல் மீன் தின்று வளர்ந்த நாக்கு ஏரி மீனைச் சந்தேகத்தோடுதான் தொட்டது. இரண்டாவது துண்டில் சந்தேகம் தீர்ந்தது, மூன்றாவதை நானே கேட்டு வாங்கினேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஈரல் துண்டு சீஃபுக்கு, மீனின் நடுத்துண்டு சீஃபுக்கு, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் சீஃபுக்கு. அவர் மனைவி பச்சையம்மாள் அண்ணி அவரைத் தண்ணீர் மொள்ளக்கூட விடவில்லை. ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்த வீட்டில் அவர் இன்னும் லீவில்தான் இருந்தார்.

கடற்படைக்காரன் வீட்டில் எல்லாமே லீவைச் சுற்றித்தான் நடக்கும். காதுகுத்து, கிரகப்பிரவேசம், மகள் கல்யாணம் எல்லாம் லீவு கிடைக்கிற மாதத்தில். சண்டைகூட அவர் கிளம்பின பிறகுதான். வந்த மனுஷன் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று கெட்ட சேதி எதையும் அவர் காதில் போடமாட்டார்கள். சீஃபின் அப்பா இறந்தபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது. தந்தி கொடுத்தால் பாவம் அங்கே என்ன செய்வான் என்று விட்டுவிட்டார்கள். லீவில் வந்தவர் "நைனா எங்க?" என்று கேட்டதற்கு, "தாமல்ல அக்கா வூட்டுக்குப் போய்க்கீறாரு" என்று சொல்லி, கறிச்சோறு போட்டு, தூங்கி எழுந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்களாம். இதைக் கப்பலில் என்னிடம் சொல்லும்போது, "அன்னிக்குத் துன்ன கறி இன்னும் தொண்டையில கீதுடா" என்றார்.

மறுநாள் காலை அண்ணி என்னைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டார். முருங்கைக்கீரை பறிக்கிற சாக்கு. சீஃப் முற்றத்தின் மறுகோடியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"தம்பி, அவர எப்பிடியாவது வைசாக்குக்கு இட்டுக்கினு பூடுங்க" என்றார் அண்ணி, குரலைக்கூட அவ்வளவாகத் தாழ்த்தாமல். "எனக்குக் கர்ப்பப்பையில கட்டி கீதாம். எடுத்துடணும்னு சொல்லிட்டாங்க. காஞ்சிபுரத்துல சுமதி வூட்டாண்டயே ஆஸ்பத்திரி. நாள் குறிச்சாச்சி. அவருக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாரு. பிரஷர் வேற கீது. நீங்க போய்ட்டு வர்றதுக்குள்ள நான் எய்ந்து நடமாடிக்கினு இருப்பேன்."

"அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன அண்ணி?"

"சொல்லி? அவரு பேஜாராயி, அதப் பாத்து நான் பேஜாராயி. வாணாம் தம்பி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். வலி அண்ணியுடையது, அதை யாரிடம் சொல்வது என்பதும் அண்ணி பாடு என்று நினைத்தேன். முதல் நாள் வரை "பாக்கலாம், பாக்கலாம்" என்று இழுத்துக்கொண்டிருந்த சீஃப், அன்று சாயங்காலம் நான் கேட்டதும், "சரி, போலாம்" என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில் எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கிளம்புகிற நாள் பழைய காலத்துப் புறப்பாடு மாதிரியே இருந்தது. அண்ணி சட்டைகளைத் தேய்த்து அடுக்கியிருந்தார். எள் உருண்டை ஒரு டப்பா. சீஃப் பச்சையம்மாள் அண்ணியின் கையைப் பிடித்து, சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்து மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டார். அளந்து முடித்த பிறகும் அந்தக் கையை உடனே விடவில்லை. "பஸ்ஸு பூடும்" என்றார் அண்ணி.

எங்களை ஏற்றிக்கொண்ட பஸ் இந்த முறை மாகறலில் நிற்கவில்லை. நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சீஃப் காஞ்சிபுரம் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். பஸ் நிலையத்தில் சென்னை பஸ்ஸைத் தேடி நான் முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"பிரான்சிஸ், நான் வரல. நீ போய்ட்டு வா."

"என்ன சீஃப், திடீர்னு?"

"முருங்க மரத்தாண்ட நின்னுக்கினு அவ சொன்னது அத்தினியும் பாத்தேன். நீயும் எஞ்சின் ரூம்ல இருந்தவன்தானே?" என்றார். "எனக்குக் காது கேக்காதுன்னு வூட்ல எல்லாத்தியும் என் எதிர்லயே பேசுவாங்க. வாயி மட்டும் தெரிஞ்சா போதும்னு அவங்களுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்ல."

எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பத்து ஆள் தூரத்தில் நின்று வால்வைத் திறக்கச் சொன்னால் உதட்டைப் பார்த்தே திறந்த மனுஷன் அவர். அண்ணிக்குத்தான் தெரியாது, எனக்குமா மறந்துபோகும்?

"அப்ப வீட்டுக்கே போய்ச் சொல்லிருவோம்" என்றேன்.

"நான் பக்கத்துல இல்லன்னாதான் அவளுக்குத் தைரியம். நான் ஊருக்குப் போனதாவே இருக்கட்டும்" என்றார் அவர். "ஆஸ்பத்திரிக்கு எதிர்ல எங்கியாவது குந்திக்கினு இருக்கிறேன். ஹார்பர்ல எடம் இல்லன்னா வெளிய நங்கூரம் போட்டுக்கினு நிப்போமே, அதுமாதிரி."

அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் போய்க் கப்பலைப் பார்ப்பதா? நானும் நங்கூரம் போட்டேன். கப்பலைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லையே என்ற வருத்தம் இன்றைக்கும் இருக்கிறது, மறைக்கவில்லை.

ஆஸ்பத்திரி ஒரு குறுகலான தெருவில் இருந்தது. எதிரில் டீக்கடை, அதன் மாடியில் எங்கள் லாட்ஜ் அறை. கீழே பெஞ்சில் உட்கார்ந்தால் ஆஸ்பத்திரியின் முதல் மாடி ஜன்னல்கள் தெரியும். காலையில் மந்தாரை இலை ஒட்டிய இட்லி, மிளகும் சுக்கும் மணக்க. அதற்குத் தொட்டுக்கொள்ள எதுவுமே வேண்டாம். சிங்கப்பூரில் இட்லி வெள்ளையாக, மெத்தென்று, மரியாதையாக இருக்கும். இந்த இட்லிக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

அந்தத் தெருவில் சும்மா உட்கார்ந்திருப்பவனைப் பட்டுப் புடவை புரோக்கர்கள் விடமாட்டார்கள். எங்களுக்கும் ஒருவர் வாய்த்தார். "சார், கடைக்கே போவாதீங்க, தறிக்காரர் வூட்டுக்கே இட்டுக்கினு போறேன்" என்று காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. சீஃபுக்கு ஆசை வந்து ஒரு வீட்டுக்குப் போனோம். மயில் கழுத்து நிறத்தில் ஒன்றை மடியில் விரித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஏன் சீஃப், நல்லாத்தானே இருந்தது?"

"வைசாக்குக்குப் போனவன் காஞ்சிப் பட்டு எங்கேர்ந்து எடுத்துக்கினு வருவான்?" என்றார்.

சிரிப்புத்தான் வந்தது. வெளியே வந்து தெருவில் நடக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்காலம் சீஃப் போன் போட்டார். அவர் காதுக்காக ஸ்பீக்கர் எப்போதும் உச்சத்தில் இருக்கும், நான் அண்ணி சொன்னதை வாயசைத்துக் காட்டுவேன்.

"வூட்லதான் கீறேன், கொயம்பு கூட்டிக்கினு" என்றார் அண்ணி, எதிரே முதல் மாடியில் இருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து. "கப்பலப் பாத்தீங்களா?"

"பாத்துக்கினே கீறோம். துரு புடிச்சிக்கீது" என்றார் சீஃப், டீக்கடைப் பெஞ்சிலிருந்து.

அப்போது தெருவில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. அது எனக்கு நேராகவும் கேட்டது, போனுக்குள்ளிருந்தும் கேட்டது. அண்ணிக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். "சரி, வேளைக்கு சாப்புடுங்க" என்று வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் முதல் மாடி ஜன்னலில் சுமதி தெரிந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் கை தானாக வாய்க்குப் போனது. பின்னாலேயே அண்ணி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பச்சை நிற ஆஸ்பத்திரி உடை. சீஃப் அசையவில்லை. ஒளிந்துகொள்ளவும் இல்லை, கையை ஆட்டவும் இல்லை. சுமதி உள்ளே திரும்பி வேகமாக ஏதோ சொல்லிவிட்டு நகரப் பார்த்தாள். அண்ணி அவள் தோளைப் பிடித்து நிறுத்தி ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு விளக்கு வெளிச்சத்தில் உதடு சரியாகத் தெரியவில்லை.

"இன்னா சொன்னாங்க?" என்றேன் நான், அவர் பாஷையிலேயே.

"'கூப்புடாத'ன்னா."

"அவுங்க சொல்லட்டும். மேல போவோம் சீஃப். படி ஏறினா தீர்ந்தது."

"லிபர்ட்டி குடுக்காம எவனாவது கரைக்கு எறங்குவானாடா?" என்றார். கப்பலிலிருந்து கரை இறங்க அனுமதி கொடுப்பதை நாங்கள் லிபர்ட்டி என்போம். வாழ்நாளெல்லாம் அதற்குக் காத்துப் பழகிய மனுஷன். சொந்த மனைவியைப் பார்க்கவும் அதற்கே காத்திருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. என்ன செய்ய, நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன்.

ஆபரேஷன் அன்று அண்ணிக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். சீஃபும் ஒன்றும் தொடவில்லை. "பெரியவரே, வெறும் வயித்தோட குந்திக்கினு கீறீங்களே, டீயாவது குடிங்க" என்று டீக்கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். புரோக்கர் அன்றைக்குப் புடவைப் பேச்சே எடுக்கவில்லை. கோயிலுக்குப் போய் வந்து சீஃப் கையில் கொஞ்சம் விபூதியை வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். என்ன விஷயம் என்று அவர் கேட்கவும் இல்லை. அந்தத் தெருவில் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன விஷயம் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

வெயில் ஏறிய பிறகு சுமதி பிளாஸ்க்கோடு தெருவைக் கடந்து வந்தாள். நேராகக் கடைக்கு வந்து, அப்பாவுக்கு எதிரில் நின்றாள். முகத்தை மட்டும் டீக்கடைக்காரர் பக்கம் வைக்கவில்லை.

"அண்ணா, ரெண்டு டீ ஊத்துங்க" என்றாள், ஒவ்வொரு வார்த்தையாக, உதடு தெரிய. "எங்கம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிபோச்சி. கண்ணு முயிச்சிட்டாங்க. கட்டியால பயம் ஒண்ணுமில்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

டீக்கடைக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ரொம்ப சந்தோசம்மா" என்றார். சுமதி பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். அப்பாவுக்கு உதடு படிக்கத் தெரியும் என்பது அவளுக்கு எப்போது தெரிந்ததோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை. சீஃப் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. புரோக்கர் எழுந்துபோய் அவருக்கு ஒரு டீ வாங்கி வந்தார்.

அண்ணியை வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஒரு நாள் விட்டு நாங்களும் "விசாகப்பட்டினத்திலிருந்து" திரும்பினோம். காஞ்சிபுரம் மளிகைக் கடையில் வாங்கிய முந்திரியை, கடையின் பெயர் இல்லாத பொட்டலத்துக்கு மாற்றி எடுத்துப் போனோம். சீஃப் மணிக்கட்டு அளவுக்கு வளையலும் வாங்கியிருந்தார். எந்த ஊரிலும் கிடைக்கிற சாதாரணக் கண்ணாடி வளையல்.

அண்ணி கட்டிலில் படுத்திருந்தார். "லேசா ஜொரம்" என்றார். "மருந்து சாப்ட்டியா?" என்றார் சீஃப். "சாப்ட்டேன்" என்றார் அண்ணி. வளையலைப் போட்டுவிட்டு சீஃப் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார்.

அண்ணி வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எதிர்த்த கடையில டீ நல்லா இருந்துச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். தையல் வலித்திருக்க வேண்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே அண்ணி. அவரு அதுக்குத்தான் காத்திருந்தாரு."

அண்ணியின் பார்வை எனக்குப் பின்னால் தோட்டத்துக் கதவுப் பக்கம் இருந்தது.

"கூப்புடணும்னுதான் இருந்துச்சி. சுமதி பொறந்தப்போ அவரு கப்பல்ல. அதுக்கு முன்ன ஒண்ணு பொறந்து தங்காம போச்சே, அப்பவும் கப்பல்ல. அவரு வரும்போதெல்லாம் நான் தலைக்குக் குளிச்சி, பூ வெச்சிக்கினு நின்னுதான் பயக்கம். அவர எதிர்ல வெச்சிக்கினு நோவு பட்டுப் பயக்கமில்ல, தம்பி."

நான் திரும்பிப் பார்த்தேன். ஈரத் துண்டோடு சீஃப் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அண்ணியின் முகம் இவ்வளவு நேரமும் அவர் பக்கம்தான் இருந்தது.

கட்டிலை நோக்கி ஓரடி வைத்தார். பிறகு நின்று, துண்டை உதறிக் கொடியில் போட்டார். "ஜொரம்னு சொன்னியே. நான் கஞ்சி வெக்கிறேன்" என்று சமையலறைக்குள் போனார்.

அரிசி எங்கே இருக்கிறது என்று அவராகவே கண்டுபிடித்துவிட்டார் போல. அதற்குப் பிறகு டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நின்றது, மறுபடியும் கேட்டது. அண்ணியைக் கூப்பிட்டு அவர் கேட்கவில்லை. அண்ணி தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, வாயைத் திறந்தார். கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உப்பு ஜாடி ஜன்னலாண்ட கீது" என்றார். என்னிடம்தான் சொன்னார்.